பாதிக் கார்

வீடு எனக்கு, நாய் அவனுக்கு என்று
கோர்டோபா நீதிமன்றம் எழுதி முடித்தது.
டொரினோவை மட்டும் விட்டுவிட்டார்கள்.
அறுபத்தொன்பதாம் வருடத்து வண்டி,
பதிவுப் புத்தகத்தில் இரண்டு பெயர்:
எவரிஸ்டோ, கிரிசெல்டா.
அறுத்துப் பங்கு போட முடியாது.

அதனால் சனிக்கிழமை தோறும்
என் லேத் பட்டறைக்கு வருகிறான்
அரை மணி தாமதமாக,
கையில் மாத்தே குடுவையோடு.
நாங்கள் பேசுவது எண்கள் மட்டும்.
மூன்று?
எண்பத்தாறு, புள்ளி இரண்டு ஐந்து.
நான்கு?
அதே.
பந்தியில் உட்கார்ந்ததுபோல்
ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில்
வாயைத் திறந்துகொண்டு.

டர்போ, ரியோ குவார்த்தோ பக்கம்
சோளம் அறுத்த இயந்திரத்தில் கழற்றியது.
உள்ளே இன்னும் உமித்தூசி.
ஊதினேன்,
சின்னச் சக்கரம் சத்தமின்றிச் சுற்றியது.

டர்போ வைத்தால் சூடு அதிகம்.
பிஸ்டன் வளையத்தின் முனைகள் நீளும்,
ஒன்றோடொன்று முட்டினால்
பிஸ்டனே பிளந்துபோகும்.
ஆகவே இடைவெளி வேண்டும், அரை மில்லிமீட்டர்.
அரத்தால் இரண்டு இழுப்பு, அளவு,
இன்னொரு இழுப்பு.
"இதைக் கல்யாணத்துக்கு முன்னால்
யாரும் சொல்லவில்லையே" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
அடுத்த வளையத்தை நீட்டினான்.

கார்பரேட்டர் மிதவை
அழுத்தத்தில் நசுங்கி மூழ்கியது.
மாற்றினோம். அதுவும் மூழ்கியது.
மூன்றாவது, உள்ளே பொள்ளல் இல்லாத கெட்டி மிதவை.
மூன்று சனிக்கிழமை அதிலேயே போயிற்று.

ஆகஸ்ட் இரவு, அல்தாஸ் கும்ப்ரெஸ் ஏற்றம்.
அவன் ஓட்ட, நான் முள்ளைப் பார்த்திருந்தேன்.
மிதித்தான். ஒன்றும் நடக்கவில்லை.
ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.
இதுவும் உன்னைப்போலத்தான் என்று
சொல்ல வாயெடுப்பதற்குள்
வந்தது,
முதுகைச் சீட்டோடு சேர்த்து அழுத்தி,
ஆறும் ஒரே குரலில்,
மலை எங்களை நோக்கி ஓடிவர,
முள் ஏறி, ஏறி,

டப்.

பிறகு வெறும் காற்று.
பானெட்டைத் தூக்கினோம்.
டர்போ குழாய் தனியே தொங்கியது.
கிளாம்பின் திருகு பாதிதான் இறுகியிருந்தது.
அதைப் பூட்டியவள் நான்.
பதினொரு வருடம்
அவன் பிழைகளுக்குக் கணக்கு வைத்தவளும் நான்.

பார்த்தான். பார்த்தது எனக்குத் தெரியும்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
சட்டைக் கையால் சூட்டுக் குழாயைப் பிடித்துக்
கேட்காமலே திருப்புளியை நீட்டினான்.
இறுக்கினேன்.
வாயில் டார்ச்சோடு ஏதோ முனகினான்.
இன்னும் அரைச் சுற்று என்றானோ என்னவோ,
அரைச் சுற்று இறுக்கினேன்.

இறக்கத்தில் நான் ஓட்டினேன்.
அடுத்த வாரம் ஆயில் மாற்ற வேண்டும்,
ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து
வெளிநோக்கி மறுபடி முறுக்க வேண்டும்.
ஒன்பது மணிக்கு வா என்றேன்.
ஒன்பதரை என்றான்.