வெட்டுப்புள்ளி

பொரளையில், மூன்றாம் மாடியில்,
ஜெனரேட்டர் இருமி இருமி நின்றுபோன பகல்.
குளிர்பெட்டிக்குள் நானூற்றுப் பன்னிரண்டு குழாய்கள்:
கான் துப்புரவாக்கும் நகரசபைக்காரர்,
பேலியகொடை மீன்சந்தைக் கூலிகள்,
காய்ச்சலோடு வந்தவர், சும்மா வந்தவர்.

எலிக்காய்ச்சலுக்கு ஒரு புதுச் சோதனை.
அது எவ்வளவு உண்மை பேசுகிறது என்று
சோதிப்பது என் வேலை.

குழாய்க்கு ஒரு எண் விழும்.
நோயாளரின் எண்கள் ஒரு குன்று,
சுகதேகிகளின் எண்கள் இன்னொரு குன்று,
இரண்டின் அடிவாரமும்
ஒன்றின் மேல் ஒன்று சரிந்து கிடக்கும்.
அங்கேதான் கோடு கிழிக்க வேண்டும்.

இடப்பக்கம் நகர்த்தினால்
நோயாளி எவரும் தப்பமாட்டார்;
கூடவே எண்பத்தெட்டாம் குழாயும் அகப்படும்.
மாளிகாவத்தைத் தையல்காரி. ஒன்றுமில்லாத உடம்பு.
ஒன்பது நாள் பிள்ளையைத் தொடாமல்
பாயைத் தனியே போட்டுப் படுத்தாளாம்.
ஆளுக்கு ஆள் தொற்றாது என்று
அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

வலப்பக்கம் நகர்த்தினால் அவள் விடுபடுவாள்.
இருநூற்றுப் பதினேழும் விடுபடும்.

"கொஞ்சம் வலப்பக்கம் வையுங்கோ, மிஸ்,
அறிக்கை வடிவாய் இருக்கும்"
என்கிறார் கிட் விற்கும் கம்பனியின் ஹிஷாம்.
நல்ல மனிசன். தேத்தண்ணீர் வாங்கித் தருவார்.

கோட்டை எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தேன்.
வைத்த இடத்துக்கு ஒரு புள்ளி,
புள்ளிகள் சேர்ந்து மேலெழும் ஒரு வளைவு,
வளைவின் கீழே பரப்பு: 0.83.
பூவா தலையா போட்டாலே அரை கிடைக்கும்.

அப்படியென்றால் என்ன, என்றாள் சம்பிகா.
கண்ணை மூடிக்கொண்டு
நோயுள்ளவர் ஒருவரையும் இல்லாதவர் ஒருவரையும் எடு.
நூறு தடவை எடுத்தால் எண்பத்து மூன்று தடவை
நோயுள்ளவருக்குத்தான் பெரிய எண்.
மற்றப் பதினேழு?
அதை அவள் கேட்கவில்லை.
கையுறையைக் கழற்றிவிட்டு
பதிவேட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினாள்.

217. ஆண், முப்பத்து நான்கு, கான் வேலை.
கம்பனியின் கோட்டில்: நோய் இல்லை.
ஆறாம் நாள், வேறு கையெழுத்தில்: சிறுநீரகம்.
பிறகு வெறும் கட்டங்கள்.

ஐந்து மணிக்கு 176ஆம் பஸ், கொட்டாஞ்சேனைக்கு.
முன் இருக்கையில் இரண்டு பேர்,
இருவருக்கும் வியர்வை,
இருவர் நெற்றியும் கம்பியில்.
எவருக்கு வேலைக் களைப்பு, எவருக்கு மற்றது?
பார்த்துப் பார்த்து வந்தேன்.
ஆமர் வீதியில் ஒருவர் இறங்கிக்கொண்டார்.

கோட்டை இடப்பக்கம் விட்டு வந்திருக்கிறேன்.
நாளைக்கு ஹிஷாமுக்குச் சொல்லவேண்டும்.
அதற்கு முதல் அந்தத் தையல்காரிக்கு:
தொற்றாது, பிள்ளையைத் தூக்கலாம்.