நாலரை எம்பி

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் மேசை.
விசிறி சுற்றினால் காகிதம் பறக்கும்,
நிறுத்தினால் மடிக்கணினி கொதிக்கும்.

முதுநகர்த் துறைமுகத்து மீன் விலையை
தினம் விடிகாலை போட
இணையதளம் ஒன்று கேட்டார் சங்கச் செயலாளர் தேசிங்கு.
முதல் நாள், "வெல தெரிஞ்சா போதும்மா" என்றார்.
இரண்டாம் நாள்
பின்னணியில் அலை அடிக்க வேண்டும், வீடியோவாக.
மூன்றாம் நாள் அவர் படம்:
சால்வையோடு ஒன்று, மைக்கோடு ஒன்று,
புதுப் படகுக்குத் தேங்காய் உடைப்பதாய் ஒன்று.
மூன்றும் மாறி மாறி வழுக்க வேண்டும்.
முன்பணம் வாங்கியிருந்தேன்.
வழுக்க வைத்தேன்.

சர்வர் எங்கே என்று எவரும் கேட்கவில்லை.
மலிவாகக் கிடைத்தது ஜெர்மனியில்,
கவலை மீன் வாசனை எட்டாத ஏதோ ஓர் ஊரில்.
உப்பனாற்றங்கரையில் இறங்கிய சங்கராவின் விலை
கடலுக்கடியில் கம்பியோடிப் போய்
குளிரறையில் படுத்துக் கிடந்து
யாராவது தட்டினால் எழுந்து
மறுபடி கடலுக்கடியில் ஓடி
முதுநகருக்கே வர வேண்டும்.
சங்கரா அவ்வளவு தூரம் நீந்தியதில்லை.

என் அறையில் ஃபைபர்.
இமைப்பதற்குள் திறந்தது.
சோதித்தாயிற்று என்று எழுதிக்கொடுத்து
மீதிப் பணம் வாங்கினேன்.

பத்தாம் நாள் போன்.
"வெல போடற பொண்ணு நீதானா?
நான் அஞ்சலாட்சி, பாதிரிக்குப்பம்.
சக்கரம் சுத்திகினே இருக்குது.
பாதி சால்வ வந்துச்சு,
மீதி வர்றதுக்குள்ள ஏலம் முடிஞ்சிபோச்சு."

மறுநாள் இருட்டோடு அவளுடைய ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.
காலுக்கிடையில் காலி அன்னக்கூடை,
கையில் விரிசல் விட்ட போன், சிக்னல் ஒரு கோடு.
லாரன்ஸ் ரோடு வந்தபோது தேசிங்கின் நெற்றி வந்தது.
மணிக்கூண்டில் மூக்கு.
விலை, அதற்கும் கீழே எங்கோ,
வரிசையில் கடைசி ஆளாய் நின்றிருந்தது.
அஞ்சலாட்சி என்னைத் திட்டவில்லை.
"நல்ல மூக்குதான்" என்றாள்.

துறைமுகத்தில்
ஏலம் விடுகிறவர் எண்ணை மட்டும் சொன்னார்.
வணக்கம் இல்லை. வரவேற்பு இல்லை.
எண்ணூறு, எண்ணூத்தம்பது, தொள்ளாயிரம்,
அடுத்த கூடை.

அன்றிரவு அறுக்க உட்கார்ந்தேன்.
அலையை எடுத்தேன்.
வழுக்கலை எடுத்தேன்.
ஆசையாய்த் தேர்ந்த வளைவெழுத்தை எடுக்கையில்
கொஞ்சம் வலித்தது.
ஒவ்வொரு போனிலும் ஏற்கெனவே இருக்கும் எழுத்தே போதும்.
சென்னையில் ஒரு நகல் வைத்தேன்,
ஜெர்மனிவரை தட்டப் போகாமல்.
நாலரை எம்பி, ஒன்பது கேபி ஆனது.
மீன் பெயர், எதிரில் விலை. அவ்வளவுதான்.

"நான் எங்கம்மா?" என்றார் தேசிங்கு.
அடியில் இருக்கிறீர்கள் ஐயா,
தள்ளிக்கொண்டே வந்தால் தெரிவீர்கள்,
வந்தால் மட்டும் இறங்கும் படம்.
பதிவேட்டில் பார்க்கிறேன்:
தினம் ஒரே ஒரு போன்
அடிவரை போய்த் திரும்புகிறது.

டிசம்பரில் துறைமுகக் கம்பத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏறியது.
யார் பார்த்தாலும், பார்த்த கணமே புரியும்.
அதை வடிவமைத்தவரை எனக்குத் தெரியாது,
தெரிந்தால் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வேன்.

கரண்ட் போனது. டவர் பேட்டரியில் மூச்சுவிட்டது.
இருட்டில் போனிலேயே தட்டிப் போட்டேன்:
வஞ்சிரம், இல்லை.
சங்கரா, இல்லை.
கவலை, இல்லை.
படகு போகவில்லை.

அன்று காலை ஆயிரத்து நாற்பது பேர்
அந்த இல்லைகளைத் திறந்தார்கள்.
அஞ்சலாட்சி கூப்பிட்டாள்.
"தட்டுனதும் இல்லன்னு சொல்லிடுச்சிம்மா.
ஆட்டோ காசு மிச்சம்."
பின்னால் மழை ஓட்டுக்கூரையில் கொட்டியது.
ஏதோ கேட்டாள்.
பாதியில் லைன் அறுந்தது.