பலிக்கிளை

வேலிக்கு அந்தப் பக்கம் மரத்துக்கு அடிக்கணக்கில் விலை.
ஆறடி, ஏழடி,
உச்சியில் நட்சத்திரம் செருக ஒரு நேர்க்குச்சி.
கோணல் விழுந்தது அரவை எந்திரத்துக்கு.
நவம்பர் முழுக்க நானும் பிலெமோனும் அங்கேதான்,
மழைக்கோட்டுக்கு வெளியே மழை, உள்ளே வியர்வை,
லாரியில் தூக்கி எறிந்துகொண்டிருந்தோம்.

டிசம்பரில் வேலி தாண்டி இந்தப் பக்கம்.
ஸ்ட்ரவுடின் வயலில் நேராக நிற்பது
கொட்டகைக் கம்பம் ஒன்றுதான்.
எல்லாம் கருப்புப் பைன். போன்சாய்க்காரர்கள் தேடி வருபவை.
இரண்டு வயதில் கம்பி சுற்றி முறுக்கி,
அடியில் ஓர் ஓடு வைத்து நட்டிருக்கிறார்.
கீழே இறங்க வழியில்லாத வேர்
பக்கவாட்டில் விரிந்து கிடக்கும்,
மாவில் அழுத்திய கை மாதிரி.

"முழங்கால் வரைதான் மரம்" என்றார் ஸ்ட்ரவுட்.
"அதற்கு மேலே போவது கூலியாள்."

பெயர் பலிக்கிளையாம்.
பதினோரு வருஷம் கத்தரி படாமல்
கொட்டகைக் கூரையைத் தாண்டிப் போயிருந்தது,
வெயிலை வாங்கி வாங்கிக் கீழே அனுப்பி
அடிமரத்தை என் தொடை அளவுக்குப் பருக்க வைத்து.
த்லாஹியாகோவுக்குச் சனிக்கிழமை பணம் அனுப்பிய ரசீது
என் சட்டைப்பையில் நனைந்து ஒட்டியிருந்தது.

சியாட்டிலிலிருந்து ஒருத்தி வந்தாள்.
அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.
நல்ல கால்சட்டையோடு சேற்றில் மண்டியிட்டு
விரலால் மண்ணைக் கிளறி வேரடியைப் பார்த்தாள்,
பல் பார்த்து மாடு பிடிப்பதுபோல.
தொள்ளாயிரம் டாலர். பிப்ரவரியில் தோண்டித் தர வேண்டும்.
மேலே இருப்பதை இன்றே எடுத்துவிடுங்கள்.

ரம்பப் பல்லில் பிசின் அப்பி நாலுமுறை நின்றது.
விழுந்த சத்தத்துக்கு
அந்தப் பக்கத்து நாய்தான் குரைத்தது.
சாப்பாட்டுத் தட்டளவு வெட்டுவாய்.
"மூடவே மூடாது" என்றார் ஸ்ட்ரவுட், பசை தடவிக்கொண்டே.
அதுவும் அழகுதான் என்றாள் அவள்.

உச்சியைக் கேட்டேன். எரிக்கத்தானே, எடுத்துக்கோ.
பிலெமோனின் காரில் கட்டி வந்தோம்,
வழியெல்லாம் ஊசி உதிராமல்.

"இது கிறிஸ்துமஸ் மரமே இல்லை" என்றாள் ருஃபினா.
பாட்டில் கழுவும் பிரஷ்ஷாம்.
ஒரு பக்கம் வழுக்கை, தொட்டால் குத்துகிறது.
வாளியில் கல் போட்டு நிறுத்தினோம்.
விளக்குச் சரம் சுவர்ப்பக்கம் எட்டவில்லை.

பிப்ரவரியில் தோண்டினோம்.
வேரைப் பிரித்தபோது வந்தது
நீல மீன் வரைந்த குளியலறை ஓடு.
மூலையில் பென்சிலில் ஏதோ தேதி,
பாதி அழிந்து.
ஸ்ட்ரவுட் அதைக் கால்சட்டையில் துடைத்து
அடுத்த நாற்றின் கீழ் வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் ருஃபினா வாசலிலேயே நிற்கிறாள்.
எறிவோம் எறிவோம் என்று இரண்டு மாதமாக
வாளியிலேயே நின்ற உச்சியில்
மூன்று குருத்து,
விரல் நீளம், வெள்ளையாக, மெழுகுத்திரிபோல.

கீழே வாளிதான் இருக்கிறது என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.

தண்ணீர் குறைந்திருந்தது. ஊற்றினேன்.