பிடுங்காத ஒயர்

காலையிலேயே ஏர்வாடி முக்கில் ஒரு சபராளி
வண்டியை நிறுத்தினார்.
"நைனா, மஞ்ச வெளக்கு எரியுது.
அணைச்சு மட்டும் விடு, விக்கப்போறேன்."
என் கையில் ஸ்பேனரும் ஊகமும்தான் இருந்தன.
பேட்டரி ஒயரைக் கழற்றி, டீ குடித்துவிட்டு வந்து மாட்டினேன்.
அணைந்தது. இருநூறு தந்தார்.
திருப்புல்லாணி தாண்டுமுன் மறுபடி எரிந்திருக்கும்.

ஸ்கேனர் வாங்கிவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.
சீட்டுப் பணம் பதினோராயிரம் இருக்கிறது.
போனில் கேட்டால் எல்லாக் கடையும்
"எல்லா வண்டியும் பார்க்கும் பாய்" என்கிறது.
விளமீன் விற்கிறவளும்
இப்பத்தான் கரைக்கு வந்தது என்பாள்,
செவுளைத் தூக்கிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்.
இதற்குச் செவுள் எங்கே?

பானெட்டைத் திறந்து
காற்றை அளக்கும் சென்சாரின் பிளக்கை
நானே பிடுங்கினேன்.
விளக்கு எரிந்தது.
நோய் என்னுடையது, வைத்தியனை மட்டும் தேடி
இருமிக்கொண்டே ராம்நாடு போனேன்,
இருபக்கமும் கருவேலம், பின்னால் கரும்புகை.

சாலைத்தெருப் பின்சந்தில் பூவலிங்கத்தின் கடை.
முதலில் தீப்பெட்டி அளவில் ஒன்று, அறுநூற்றைம்பது.
ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால் போனில் பேசுமாம்.
ஆப் என் லொகேஷனைக் கேட்டது,
என் போட்டோக்களைக் கேட்டது,
ஒரு விளம்பரம் ஓட்டியது,
இரண்டு தரம் தொடர்பு அறுந்த பிறகு
பி-0100 என்றது.
சரிதான்.

அடுத்தது ஒன்பதாயிரத்து நானூறு.
சொந்தத் திரை, ரப்பர் உறை.
இஞ்சினை மட்டும் விசாரிக்கும்.
அதே பதில், கேட்ட மாத்திரத்தில்.
சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்,
மனசு உட்கார்ந்துவிட்டது.

"இதையும் ஒருக்கா போட்டுப் பாருங்க."
பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
வருஷா வருஷம் அப்டேட்டுக்குத் தனிக் காசு.
வாங்கப்போவதில்லை என்பதால் தைரியமாகத் தலையாட்டினேன்.
அது அவசரப்படவில்லை.
இஞ்சின், பிரேக், ஏர்பேக் என்று
வாக்காளர் பட்டியலோடு வருகிறவர் மாதிரி
ஒவ்வொரு கதவாகத் தட்டியது.
நான் பிடுங்கியதைச் சொன்னது.
பிடுங்காத ஒன்றையும் சொன்னது.

சி-0215.
இடது பின்சக்கரத்தின் வேக சென்சார்.
ஏபிஎஸ் வேலை செய்யவில்லை.

"அந்த வெளக்கு எரியலையே."
"எரிஞ்சிருக்கணுமே பாய்."
சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்கும்
ஒருமுறை எரிந்து அணைய வேண்டும்.
ஊரார் வண்டியில் எண்ணுவேன்.
என் வண்டியில் எண்ணியதே இல்லை.

மீட்டரைக் கழற்றினோம்.
விளக்குக்கு நேர் பின்னால்
ஒரு துண்டு கறுப்பு டேப்,
கத்தரியால் அளந்து வெட்டி ஒட்டியது.

வண்டியை எனக்கு விற்றவர்
என் மனைவியின் அண்ணன், சீனி நூர்தீன்.
"ஒனக்குங்கிறதால இந்த வெலை" என்று.

போன ஐப்பசி மழையில் பாம்பன் பாலத்தில்
பின்சீட்டில் மூன்று பிள்ளைகளோடு
பிரேக் அடித்தது நினைவுக்கு வந்தது.
காலையில் வாங்கிய இருநூறும்
சட்டைப் பையில் தனியாகத் தெரிந்தது.

சக்கரத்தைக் கழற்றினால்
சென்சார் முனையில் பச்சையாய் உப்பு பூத்திருந்தது.
கடல்காற்று யார் வண்டி என்று கேட்பதில்லை.
பூவலிங்கம் எதுவும் கேட்காமல்
மூன்றாவதைப் பெட்டியில் வைத்தார்.
பாக்கி மூன்று தவணை.

வெள்ளிக்கிழமை பெரியபட்டினத்தில் கல்யாணம்.
ஒரே சகனில் எனக்கு எதிரே மச்சான் கை.
எலும்பில்லாத துண்டாகப் பார்த்து
என் பக்கம் தள்ளிவிட்டார்.
"வண்டி எப்புடி, நைனா?"
"ஓடுது மச்சான்."

புது சென்சார் மதுரையிலிருந்து திங்கட்கிழமைதான் வரும்.
டேப்பை நான் திரும்ப ஒட்டவில்லை.
திரும்பும்போது அவரையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்,
எப்போதும் முன்சீட்டில்தான் உட்காருவார்.
சாவி என் பையில் இருக்கிறது.
சோற்றுக்குள் இன்னும் மெதுவாகவே
விரலை விட்டுக்கொண்டிருக்கிறேன்.