எத்தனை பக்கம்

ஜூன் மழை. சுவா ஏரிக்கரையில் ஒரு விடுதி.
வாசலில் குடைகளுக்குக்கூடப் பூட்டு;
என்னுடையது நாற்பத்தேழு.
முந்நூறு பங்குக்கு ஒரு நாற்காலி,
மூன்று லட்சம் பங்குக்கும் அதே நாற்காலி.
பங்குதாரர் கூட்டத்தின் பெருந்தன்மை அவ்வளவுதான்.

மாட்சுமோட்டோவில், காசு போட்டால் ஓடும்
பன்னிரண்டு சலவை இயந்திரங்கள் எனக்குண்டு.
ஒவ்வொன்றின் வயதும் இருமலும் தெரியும்.
அவை சுழன்று சுழன்று உதிர்த்த
ஆறாயிரத்து முந்நூறு நாணயங்களில்தான்
ஹிராசே நிறுவனத்தில் நுழைந்தேன்,
பங்கு இரண்டாயிரத்து நூறு யென்னுக்கு.
இன்று எழுநூற்று முப்பது.

"முதலுக்கே மோசம் வருமுன் விற்றுவிடுங்கள்" என்கிறார்
கணவரின் தம்பி யொஷிகாட்சு.
அவர் எதையும் வாங்கியதில்லை;
ஆகவே எதையும் இழந்ததுமில்லை.

நான் வாங்கியது கனவை அல்ல.
நகராட்சிகளில், பல் மருத்துவமனைகளில்
ஏதோ ஒரு மூலையில் வெதுவெதுப்பாய்
உறுமிக்கொண்டிருந்த நகல்பொறிகளை.
பெட்டியை மலிவாய்க் கொடுத்து
மையில் வசூலிக்கும் சாமர்த்தியத்தை.
எனக்குப் புரிந்த வியாபாரம் அது:
என் கடையிலும்
துவைப்பதில் அல்ல, உலர்த்துவதில்தான் லாபம்.

ஆண்டறிக்கையை இரண்டு முறை படித்தேன்.
கடன் இல்லை.
பெட்டியிலிருக்கும் ரொக்கம்
சந்தை சொல்லும் மொத்த விலையைவிட அதிகம்.
யானை இருந்தாலும் ஆயிரம் பொன்,
இறந்தாலும் ஆயிரம் பொன்.
சரி.
நோயில் கிடக்கும் யானை
நாளொன்றுக்கு எவ்வளவு தின்னும் என்று
பழமொழி சொல்லவில்லை.

மேடையில் தலைவர் ஷிமோஜோ.
மின்கலங்களுக்கு மேற்பூச்சு, மருத்துவ உணரிகள்,
'மேகம்' என்ற சொல் பதினான்கு முறை.
(வெளியே அசல் மேகம்
ஏரியைத் துடைத்து அழித்துக்கொண்டிருந்தது.)
திரையில் எதிர்காலம்
நீலநிற அம்புகளாய் வந்தது. எல்லாம் மேல்நோக்கி.

கை தூக்கினேன். ஒலிவாங்கி வந்தது.
"நுழைவு எண் இருநூற்றுப் பதினொன்று, நொசாக்கி.
உங்கள் தலைமை அலுவலகத்தில்
போன ஆண்டு எத்தனை பக்கம் அச்சிட்டீர்கள்?"

யாரோ சிரித்தார்.
திரைக்குப் பின்னாலிருந்து ஓர் இளைஞர்
முதுகு வளைத்து ஓடிவந்து ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.
பென்சிலில் எழுதியது.
ஷிமோஜோ படித்தார். மறுபடியும் படித்தார்.
"ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
ஐந்தாண்டுக்கு முன் ஒன்பது லட்சம்."
பிறகு, சீட்டில் இல்லாத ஒன்றைச் சொன்னார்:
"அதில் நான் அச்சிட்டது ஒன்றுமில்லை."

பொய் சொல்லியிருந்தால் சுலபமாய் இருந்திருக்கும்.
உண்மை பேசும் தலைவரை
வரவில் வைப்பதா, பற்றில் வைப்பதா?
ஐந்தொகையில் அதற்கு வரி கிடையாது.

திரும்பும் ரயிலில்
நூறு பங்கை விற்றேன், இருநூறை வைத்துக்கொண்டேன்.
நூறுக்குக் கீழே உடைக்கச் சந்தை விடாது;
விட்டிருந்தால் இன்னும் பொடிப்பொடியாய்
தயங்கியிருப்பேன்.
விட்டதைப் பிடிக்கும் ஆசை என்பார் யொஷிகாட்சு.
இருக்கலாம்.

மறுவாரம் ஈவுத்தொகைக் கடிதம் வந்தது.
தடித்த தாள். நேர்த்தியான அச்சு;
ஓர் எழுத்தின் ஓரமும் பிசிறவில்லை.
அடியில், பொடி எழுத்தில்:
அடுத்த ஆண்டு முதல் இந்த அறிவிப்பு
மின்னஞ்சலில் மட்டுமே.
காகிதத்தை மிச்சப்படுத்த ஒத்துழைக்கவும்.

அன்றிரவு ஆறாம் எண் இயந்திரம்
யாருடைய போர்வையையோ வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றுபோனது.
இருபத்திரண்டு வயது.
கடிதத்தைத் திருப்பி, பின்புறத்தில்
'பழுது' என்று எழுதி ஒட்டினேன்.
சற்று யோசித்து,
'மெக்கானிக் வருகிறார்' என்றும் சேர்த்தேன்.

இன்னும் யாரையும் அழைக்கவில்லை.