இரண்டாம் அறிவிப்பு

அதே கம்பி வேலி. அதே கட்டை.
போன தடவை நான் அடித்த ஆணி
துரு வடித்தபடி இன்னும் அங்கேயே இருக்கிறது.

கில்வாரா, மாவட்டத்தின் கடலோர விளிம்பு.
டப்ளினிலிருந்து நாற்பது நிமிடம், சாலை நெரியாத நாளில்.
அப்படி ஒரு நாள் வருவதில்லை.
வேன் கதவைத் திறந்தபோது
மழை குறுக்கே பெய்துகொண்டிருந்தது,
யாரிடமும் அனுமதி கேட்காமல்.

என் வேலை சின்னது.
வரைபடம் போடுபவன் நானல்ல, பணம் போடுபவனும் நானல்ல.
கட்டப் போகிறார்கள் என்று
வயலின் வாயிலில் சொல்லிவைப்பவன்.
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள், நான்கு ஆணி,
ஆதாரத்துக்கு ஒரு புகைப்படம்.

நான்கு வருடம் முன்பு இது விரைவுப் பாதை.
அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்,
கவுன்டி அலுவலகத்தைத் தாண்டி
நேரே தலைநகரத்து மேசைக்கு.
பதினாறு வாரத்தில் பதில் என்றார்கள்.
வந்தது, பதினாறாம் வாரத்து வெள்ளிக்கிழமை, ஆம் என்று.
பின்னாலேயே வழக்கும் வந்தது.

வாத்துகளை எண்ண மறந்துவிட்டார்கள்.
குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இறங்கி
இந்தப் புல்லைக் கொறிக்கும் முந்நூறு கருங்கழுத்து வாத்துகள்.
கணக்கெடுக்க வந்தவர்
ஜூலையில் வந்து ஜூலையில் போயிருந்தார்.
நீதிபதி அந்த ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தார்;
அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளும்
நூல் பிரிந்த கம்பளிச் சட்டையாய்க் கழன்றன.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது.
நுழையாத கையைப் பார்த்தபடி
நான் தங்கை வீட்டுச் சாமான் அறையில் படுத்திருந்தேன்.
கால் நீட்டினால் இஸ்திரிப் பலகை.
அதைப் பற்றி எந்தத் தீர்ப்பிலும் ஒரு பத்தி கிடையாது.

இப்போது சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.
முதலில் கவுன்டிக்கு. எட்டு வாரம்.
அங்கே டெர்வ்லா ஹனாஃபின் என்றொரு அதிகாரி,
ரப்பர் காலணியோடு வயலுக்குள் இறங்குகிறவள்,
எந்த மூலையில் நீர் தேங்கும் என்று அறிந்தவள்.
விரைவுப் பாதை நாட்களில்
அவளிடம் கருத்து மட்டும் கேட்டார்களாம்,
விருந்தாளியிடம் உப்பு சரியா என்று கேட்பதுபோல.

கடைசி ஆணி இறங்கும்போது
எதிர்வீட்டுக் கதவு திறந்தது.
கோப்னெட் மக்கென்டி. வழக்குப் போட்டவர்களில் முதல் பெயர்.
மழையங்கி, மூக்குக்கண்ணாடி,
கயிற்றுக்கு அடங்காத ஒரு நாய்.
நான் சுத்தியலை முதுகுக்குப் பின் மறைத்தேன்.
ஏன் என்று இன்றும் தெரியவில்லை.

அவள் படித்தாள். உதடு அசையப் படித்தாள்.
ஐந்நூற்று நாற்பது வீடுகள். கழிமுகப் பக்கம் வெறும் புல்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள்.
பிறகு ஈர விரலால் தொட்டாள்:
"மூணாவது வரி. நிலத்தோட பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.
ஐந்து வாரம் வாய்மூடி இருந்துவிட்டுக்
கடைசி நாளில் சொல்லியிருந்தால்
விண்ணப்பம் செல்லாது, எல்லாம் முதலிலிருந்து.
அந்த ஒரு எழுத்து போதும்.

"ஏன் சொல்றீங்க?"

அவள் தன் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள்.
அங்கே ஒரு கேரவன்.
ஜன்னலில் காயாத குழந்தைச் சட்டை.
"போன தடவை அது அங்க இல்லை."
அப்புறம், குரலைக் கூட்டி:
"வீடு வேண்டாம்னு நான் எப்பவும் எழுதலை.
எங்களையும் கேளுங்கன்னுதான் எழுதினேன்.
இப்பவும் எழுதுவேன். பஸ் இல்லை, பள்ளிக்கூடத்துல இடமில்லை.
ரெண்டு பக்கத்துக்கு எழுதுவேன்."

தாளைக் கழற்றினேன்.
எழுத்துச் சரியாகப் புதுத் தாள் நாளை வரும்.
"கொஞ்சம் கீழே அடி," என்றாள் போகிற போக்கில்.
"போன தடவை எட்டி எட்டிப் படிச்சேன்."

வேனுக்குள் உட்கார்ந்து,
அவள் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று
என் நெஞ்சில் கை வைத்து அளந்து பார்த்தேன்.