மேல்பூச்சு

ஆகஸ்டில் ஆற்றுக்கு நாக்கு வறண்டுவிடும்.
கர்னாவுபா அப்போதுதான் உடுத்திக்கொள்ளும்,
விசிறி மடல் முழுக்கச் சாம்பல் நிற மெழுகு.
உள்ளிருக்கும் துளித் தண்ணீரை
பியாவுய் வெயில் மோந்து பார்க்கக் கூடாதாம்.
உச்சிவேளையில் இலைத்துளைகள்
உதடு மடித்துக்கொள்ளும்.
எனக்கும் அதே நேரத்தில்தான்
வாயைச் சுற்றித் துணி.

ஜெனிவால்டோ நெடுங்கம்பின் நுனியில் அரிவாள் கட்டி
அண்ணாந்தே நடக்கிறான்.
கழுத்து இனி இறங்காது என்று சிரிப்போம்.
குருத்தில் வெள்ளைப் பொடி, நல்ல விலை.
முதிர்ந்த ஓலையில் கருத்த பொடி, ஏச்சு.
நடுக்குருத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டும்,
மரம் அதிலிருந்துதான் மறுபடி தொடங்கும்.
(போன வருஷம் புதுக் குத்தகைக்காரன்
விடச் சொல்லவில்லை.
அந்த வரிசை இன்று பல் விழுந்த ஈறு.)

பொடியறைக்குச் சன்னல் கிடையாது.
காற்று வந்தால் கூலி பறந்துவிடும்.
காய்ந்த ஓலையை நாராய்க் கிழித்து
நானும் எதெல்வினாவும் அடிக்கிறோம், அடிக்கிறோம்.
மரம் மாதக்கணக்கில் தன்மேல் பூசிக்கொண்டது
எங்கள் இமைமேல் இறங்குகிறது.
ஆயிரக்கணக்கான ஓலைக்கு ஒரு மூட்டை.
எதெல்வினா தும்மினால்
"அரைக் கூலி போச்சு" என்பேன்.

பச்சையைக் கேட்காதீர்கள்.
வெயிலைச் சர்க்கரையாக்கிய அந்த அடுப்பு
காயப்போட்ட களத்திலேயே அணைந்துவிட்டது.
நரம்புகள் மிச்சம்,
வேரிலிருந்து தண்ணீர் ஏறி வந்த வழிகள்.
அவற்றைத்தான் ஒலிந்தோ தொப்பியாய் முடைகிறான்,
ஒரு தலைக்கு நிழலாகும்வரை.
சக்கை என் மிளகாய்ப் பாத்தியில் கிடந்து
மண்ணின் ஈரத்தைப் பொத்திவைக்கிறது.
செத்தும் பழைய உத்தியோகம்.

டிசம்பரில் இருமலுக்கு மாத்திரை தந்தார்கள்.
தொண்டையில் வழுக்கிக்கொண்டு போனது.
"எப்படி இவ்வளவு பளபளப்பு?"
செவிலி, பெட்டிக்குள் மடித்திருந்த காகிதத்தை விரித்து
பொடி எழுத்தை விரலால் துழாவினார்.
நிறுத்தினார்.
என் புருவத்தைப் பார்த்தார்,
கழுவியும் போகாத அந்தச் சாம்பலை.

வெளியே முதல் மழை.
மெழுகு வாங்க வந்தவனின் காரில்
ஒரு துளி விழுந்து
பற்ற இடமின்றி உருண்டது,
உயரத்தில் ஓலைமேல் உருளுமே, அப்படியே.
கை தானாக நீண்டது.

"தொடாதே அம்மா," என்றான்,
"இப்போதுதான் மெருகு போட்டிருக்கிறேன்."